‘முடிச்சிரலாம் கண்ணு’ன்னா வெள்ளிக்கிழமையா? பன்மொழி வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை: ஒரு பாடம்



“ஹாஸ்டல்ல உட்கார்ந்துகிட்டே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை பார்க்கிறியாமே, எப்படி? எங்களுக்கும் சொல்லிக் கொடேன்” என்று இந்த செமஸ்டரில் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மெஸ் வரிசையில் நின்றபடி பாதி பாதியாகச் சொன்னதை, இங்கே முழுசாக எழுதுகிறேன். சம்பாதித்த கதை மட்டும் இல்லை, நஷ்டப்பட்ட கதையும் இருக்கிறது. உண்மையில் பாடம் அங்கேதான் இருக்கு.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். சொந்த ஊர் அவிநாசி பக்கம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். நம் கல்லூரியில் நடக்கும் ஜெர்மன் வகுப்பில் ஏ2 வரை படித்திருக்கிறேன். ஒரு வருடமாக, ஜெர்மனியில் சிறிய குழந்தைகள் துணிக்கடை நடத்தும் ஒரு கணவன் மனைவிக்கு வேலை பார்க்கிறேன். அவர்கள் திருப்பூரில் ஒரு சின்ன யூனிட்டில் டி-ஷர்ட் தைத்து வாங்குகிறார்கள். வாரத்துக்கு 10 மணி நேரம், மணிக்கு 6 யூரோ. ஒரு சீனியர் அக்கா வேலைக்குச் சேர்ந்து போகும்போது எனக்குக் கைமாற்றி விட்ட வேலை இது.

அது என்ன வேலை?

வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்றால், அலுவலகத்துக்குப் போகாமல் இணையம் வழியாக ஒருவரின் அன்றாட வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவர். மெயில் பார்த்துப் பிரித்து வைப்பது, காலண்டரில் மீட்டிங் போடுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது, எக்செல் ஷீட்டில் ஆர்டர் கணக்கு வைப்பது, சப்ளையரிடம் “எங்க வரைக்கும் வந்திருக்கு?” என்று விசாரிப்பது. கோடிங் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும்.

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் போட்டி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால், பிலிப்பைன்ஸில் இருந்து விண்ணப்பிக்கும் ஆயிரம் பேரில் நாமும் ஒருவர். ஆனால் தமிழும் தெரிந்து, ஆங்கிலமும் எழுத வந்து, கூடவே ஜெர்மனோ பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ கொஞ்சம் தெரிந்தால் வரிசை சட்டென்று சின்னதாகிவிடும். திருப்பூர் பனியன், கரூர் வீட்டு ஜவுளி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பொருள்கள் என்று நம்மைச் சுற்றி ஏற்றுமதி ஊர்கள் எத்தனை! வாங்குபவருக்கும் செய்பவருக்கும் நடுவில் நிற்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நாமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று. மொழி தெரிவது வேறு, நடுவில் நிற்பது வேறு. எனக்கு அது புரிய 60 யூரோ செலவானது.

பாடம் 1: சொன்னதும் புரிந்துகொண்டதும் ஒன்றல்ல

1,200 பீஸ் ஆர்டர். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை யூனிட் மேனேஜருக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, சரக்கு வெள்ளிக்கிழமை ரெடியாயிருமுங்களா?”

“முடிச்சிரலாம் கண்ணு, பார்த்துக்கலாம்.”

“சரிங்கண்ணா.”

போனை வைத்துவிட்டு கிளையன்ட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: சரக்கு வெள்ளிக்கிழமை தயாராக இருக்கும். அவர் அதை நம்பி, சரக்கு எடுக்க சனிக்கிழமைக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளி மாலை நான் போன் செய்தபோது 740 பீஸ்தான் பேக்கிங் ஆகியிருந்தது. சாயப்பட்டறையில் இருந்து துணி இரண்டு நாள் தாமதமாக வந்ததால் மீதி இன்னும் தையலில் இருந்தது. வண்டியை ரத்து செய்ததற்கு கிளையன்ட் 180 யூரோ கட்ட வேண்டி வந்தது.

அன்று இரவு அவரிடமிருந்து மெயில். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒரே கேள்வி: வெள்ளிக்கிழமை என்று யார் சொன்னது?

“மேனேஜர்தான் சொன்னார்” என்று எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். பொய்யும் கிடையாது. ஆனால் அப்படி எழுதினால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போயிருக்கும். அந்த யூனிட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிறார்கள். என் அப்பா மாதிரி ஆட்கள். சரி, அதற்காக நடந்ததை மூடி மறைக்கவும் முடியாது. அது கிளையன்ட்டுக்குச் செய்யும் துரோகம்.

மெஸ்ஸுக்குப் போகாமல் உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொன்னது என்ன? “முடிச்சிரலாம், பார்த்துக்கலாம்.” நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ‘முயற்சி பண்றோம், நடக்கும்னு நம்பறோம், நீ கவலைப்படாதே’ என்பதுதான். தேதி கேட்டால் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ரெக்கார்டு நோட் எப்போ முடிப்பே என்று கேட்டால் நீங்களும் நானும் சொல்வது அதே ‘முடிச்சிடலாம்’தானே! அதை ‘தயாராக இருக்கும்’ என்ற உறுதிமொழியாக மாற்றியது மேனேஜர் இல்லை. நான்.

அதை அப்படியே எழுதினேன். அவர் சொன்ன வார்த்தை இது, அதன் பொருள் இது, நான் அதைத் தவறாக உறுதி போல எழுதிவிட்டேன், தாமதத்துக்குக் காரணம் துணி வரத்து, மீதி எப்போது முடியும் என்பது திங்கள் மதியம் தெரியும். கடைசியில், என்னுடைய ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடுவார் என மனசுக்குள் ஒரு நப்பாசை. அவர் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு 60 யூரோவைப் பிடித்துக்கொண்டார். வலிச்சுது. ஆனால் வேலை போகவில்லை, யூனிட்டின் ஆர்டரும் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இதுதான். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் மூன்று தலைப்பில் குறிப்பு எழுதுகிறேன்.

1. அவர் சொன்னது: பேசிய வார்த்தை அப்படியே.
2. நான் புரிந்துகொண்டது: அதன் பொருள் என்று நான் நினைப்பது.
3. இன்னும் உறுதியாகாதது: எது, யாரிடம், எதற்காகக் காத்திருக்கிறது.

போனிலும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “வெள்ளிக்கிழமை ஆயிருமா?” என்று கேட்டால் “ஆயிரும்” என்றுதான் பதில் வரும். எதிராளியின் மனசு நோகாமல் இருக்க நாம் சொல்லும் பதில் அது. அதற்குப் பதிலாக, “இன்னைக்கு வரைக்கும் எத்தனை பீஸ் தைச்சிருக்குங்கண்ணா? துணி முழுசா வந்துருச்சுங்களா? ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பேக்கிங் ஆகும்?” என்று கேட்கிறேன். எண்ணில் கேட்டால் எண்ணில் பதில் வரும். பிறகு பேசியதை வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அவருக்கே அனுப்பி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் கிளையன்ட்டுக்கு மெயில் போகிறது.

‘சரி’ என்ற வார்த்தையிலும் கவனமாக இருங்கள். நாம் போனில் சொல்லும் “சரிங்க, சரிங்க” பல நேரம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் பொருள். அதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்.

பாடம் 2: எண், தேதி, நேரம்

மொழியைவிட அதிகம் காலை வாரிவிடுவது இவைதான்.

தேதி: 04/07 என்று எழுதினால் நமக்கு ஜூலை 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. ஆகவே மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். ஃபைல் பெயர் என்றால் 2025-07-04 என்று ஆண்டில் தொடங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 8601 தரம் சொல்வதும் அந்த வரிசைதான். ஃபோல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

வார எண்: ஜெர்மானியர்கள் டெலிவரியைத் தேதியில் சொல்லாமல் ‘32-வது வாரம்’ என்று வார எண்ணில் சொல்வது சகஜம். வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை வரும் வாரம்தான் முதல் வாரம். இந்தக் கணக்குப்படி 2025-இல் 32-வது வாரம் என்பது ஆகஸ்ட் 4 முதல் 10 வரை. கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் வார எண் காட்டும் வசதி இருக்கிறது. ஆன் செய்து வையுங்கள்.

மணி: ஜெர்மனில் ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் ‘அரை எட்டு’. உடனே எட்டரை என்று நினைக்கத் தோன்றும். இல்லை, அது ஏழரை! எட்டை நோக்கிப் பாதி வந்திருக்கிறது என்ற கணக்கு. பிரிட்டிஷ்காரர் பேச்சில் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் எட்டரை. ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்வதும், ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதும் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நேர வித்தியாசம்: நம் நேரம் வருடம் முழுக்க மாறாது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பி வைப்பார்கள். அதனால் ஜெர்மனியில் மதியம் 2 மணி மீட்டிங் என்றால், குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30, கோடையில் 5.30. அமெரிக்காவில் மாற்றம் வேறு நாளில், மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இரண்டு பக்கமும் கிளையன்ட் வைத்திருப்பவர்களுக்கு மார்ச் மாதம் ஒரு தலைவலிதான். மீட்டிங் அழைப்பை எப்போதும் கிளையன்ட்டின் ஊர் நேரத்தில் போடுங்கள், காலண்டர் தானே மாற்றிக்கொள்ளும்.

எண்: ஜெர்மன் இன்வாய்ஸில் 1.250,00 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர் எதிர். அங்கே ‘பில்லியோன்’ என்பது ஆங்கில பில்லியன் அல்ல, அதைப்போல ஆயிரம் மடங்கு. ஆங்கில பில்லியனுக்கு அவர்கள் சொல்வது ‘மில்லியார்டே’. அதேபோல நம் லட்சமும் கோடியும் அவர்களுக்குப் புரியாது. யூனிட்காரர் “ஒன்றரை லட்சம்” என்றால் நீங்கள் 150,000 என்று எழுத வேண்டும்.

பாடம் 3: மரியாதையும் நம்ம ஊர் ஆங்கிலமும்

ஜெர்மனில் ‘ஸீ’, ‘டூ’ என்று இரண்டு. நம் ‘நீங்க’, ‘நீ’ மாதிரியே. அதனால் ஆங்கிலேயரைவிட நமக்கு இது எளிதாகப் புரியும். அறிமுகம் இல்லாதவருக்கு ‘ஸீ’ போட்டுத் தொடங்குங்கள். அவர்களே ‘டூ’ என்று சொல்லலாம் என்றால் மாறிக்கொள்ளுங்கள். நம் ஊரைப் போல வயதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்தது, நாம் சரி என்று நினைத்து எழுதும் ஆங்கிலம். ‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்’ என்பது அவர்களுக்குப் பழங்காலக் கடிதம் போலத் தெரியும். ‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் நமக்குப் பதில் சொல்கிறேன். அவர்களில் பலருக்குப் பழைய நிலைக்கே திரும்புகிறேன். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதினால், கேள்வி கேட்கிறீர்களா, அவரைச் சந்தேகப்படுகிறீர்களா என்று குழம்புவார்கள். ‘2026-இல் பாஸ்டு அவுட்’ என்று ரெஸ்யூமில் போட்டால், அந்த வருடம் நீங்கள் மயங்கி விழுந்ததாக அர்த்தம்! ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள்.

பாடம் 4: மொழிபெயர்ப்புக் கருவியும் ரகசியமும்

மொழிபெயர்ப்புக் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன். ஒரு மெயிலின் சாரத்தைச் சட்டென்று பிடிக்க நல்லது. ஆனால் ‘முடிச்சிரலாம்’ என்பது உறுதியா ஆறுதலா என்று அதற்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லையே அன்றைக்கு! அனுப்புவதற்கு முன், மொழிபெயர்த்ததைத் திருப்பி மூல மொழிக்கு மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் இலவசக் கருவியில் அப்படியே ஒட்டாதீர்கள். ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அங்குள்ள மக்களின் தகவல் உங்கள் லேப்டாப்பில் இருந்தாலும் கிளையன்ட் அதற்குப் பொறுப்பு. எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று முதல் வாரமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டையும் வாங்காதீர்கள். ஜிமெயிலில் பாஸ்வேர்டு கொடுக்காமலே இன்னொருவருக்கு அனுமதி தரும் ‘டெலிகேட்’ வசதி உண்டு. மற்ற கணக்குகளுக்குப் பாஸ்வேர்டு மேனேஜர் வழியாகப் பகிரச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் உங்கள் லேப்டாப்பை நாலு பேர் தொடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வேலைக்கென்று தனி லாகின் வையுங்கள்.

பாடம் 5: காசு விவகாரம்

ஃபைவர் மாதிரித் தளத்தில் வேலை எடுத்தால், விற்பவருக்கு வரும் தொகையில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். விலை சொல்லும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

ஐரோப்பிய கிளையன்ட் நேரடியாக அனுப்புவதென்றால் முதலில் கேட்பது ஐபான் எண். இந்தியாவில் ஐபான் கிடையாது. வங்கிக் கணக்கு எண்ணும், கிளையின் ஸ்விஃப்ட் கோடும் கொடுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. உள்நாட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டுப் பணம் வரும்போது எதற்காக வந்தது என்று வங்கிக்கு ஒரு ‘பர்ப்பஸ் கோடு’ சொல்ல வேண்டும். வங்கியில் கேட்டு உங்கள் வேலைக்குப் பொருந்துவதைப் போடுங்கள். பணம் வந்ததற்கான அட்வைஸ் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்கு காட்டும்போது அது தேவைப்படும்.

நம் ஊர் இனிஷியல் ஒரு தனிப் பிரச்சினை. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இனிஷியல் மட்டும், பேமென்ட் தளத்தில் வேறு மாதிரி என்று இருந்தால் பணம் நடுவில் நிற்கும். கணக்கு திறக்கும் முன்பே எல்லா இடத்திலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

ஏமாற்று வேலைகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேலை தர முன்பணம் கேட்பவர், ‘ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ கேட்பவர், டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்துப் பிறகு டெபாசிட் கேட்பவர், டேட்டா என்ட்ரி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி ‘பிழை அதிகம், அபராதம் கட்டு’ என்று வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டுபவர், எல்லாமே மோசடி. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வாங்கி இன்னொருவருக்கு அனுப்பச் சொன்னால் ஓடிவிடுங்கள். அந்த வழக்கில் முதல் குற்றவாளி கணக்குக்காரராகத்தான் இருப்பார். மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

எங்கிருந்து தொடங்குவது?

ஏதாவது ஒரு மொழியைச் சான்றிதழோடு படியுங்கள். சென்னையில் ஜெர்மனுக்கு கோத்தே இன்ஸ்டிடியூட், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கின்றன. ஜப்பானிய மொழிக்கான ஜே.எல்.பி.டி. தேர்வும் சென்னையில் நடக்கிறது. கூடவே தெலுங்கு, மலையாளம், இந்தி தெரிந்தால் அதையும் ரெஸ்யூமில் போடுங்கள், ஆனால் பேச வருமா, எழுத வருமா என்று உண்மையைப் பிரித்துச் சொல்லுங்கள். நான் ஏ2 என்றுதான் போட்டேன். கிளையன்ட்டுக்கு ஜெர்மனில் ஒப்பந்தம் எழுதித் தருவேன் என்று சொல்லவில்லை.

மாதிரி வேலைகள் மூன்று தயார் செய்யுங்கள்: ஒரு மீட்டிங் குறிப்பு, ஒரு ஆர்டர் டிராக்கிங் ஷீட், ஒரே மெயில் இரண்டு மொழியில். கடைசியாக, செமஸ்டர் தேர்வுத் தேதியை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நம் ‘பார்த்துக்கலாம்’ அங்கேயும் வேண்டாம்.

பயிற்சி

நீங்களே செய்து பாருங்கள். யூனிட்காரர் போனில் சொல்கிறார்: “அடுத்த வாரம் எப்படியும் அனுப்பிடறோம்.” ஜூலை மாதம். கிளையன்ட் ‘ஹால்ப் ட்ரை’க்கு மீட்டிங் வைத்திருக்கிறார். உங்களுக்கு மீட்டிங் எத்தனை மணிக்கு? மீட்டிங்கில் என்ன சொல்வீர்கள்?

முதல் கேள்விக்கு விடை: ட்ரை என்றால் மூன்று, ஆகவே அங்கே மதியம் 2.30, கோடை நேரம், நமக்கு மாலை 6 மணி. இரண்டாவதுக்கு விடை: மீட்டிங்குக்கு முன்னால் இன்னொரு போன். எத்தனை பீஸ், எந்தக் கிழமை, எதற்காகக் காத்திருப்பு? இது மூன்றும் தெரியாமல் ‘அடுத்த வாரம்’ என்று சொல்லாதீர்கள்.

அந்த மேனேஜர் அண்ணாவிடம் இப்போதும் வாரம் இரண்டு முறை பேசுகிறேன். நடந்ததை ஒருநாள் அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது தேதி கேட்டால், “வியாழக்கிழமை சாயந்தரம் கூப்பிடு கண்ணு, துணியைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்கிறார். அதை நான் அப்படியே எழுதி அனுப்புகிறேன். கிளையன்ட்டும் வியாழன் வரை காத்திருக்கிறார்.